நூறு வயது மீனும் கணக்கில்லாத அம்பும்

கேள்வி இதுதான்: அமெரிக்க ஏரிகளிலும் ஆறுகளிலும் வில்லெடுத்து மீன் அடிப்பவர்கள், ‘தண்ணீரைக் கலக்கிக் கெடுக்கும் அந்நியக் கெண்டையைத்தானே கொல்கிறோம், இது சேவை’ என்கிறார்கள். மீனியலாளர்களோ நாட்டு மீன்கள் பறிபோகின்றன என்கிறார்கள். யாரை நம்புவது? வில்லையே தடை செய்துவிடலாமா?

தடை வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆனால் எத்தனை வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று விட்டு வைத்திருப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. சிக்கலில் பாதிதான் வில்லால் வந்தது. மறுபாதி, ‘ரஃப் ஃபிஷ்’ (மட்டமான மீன்) என்ற ஒரே சட்டப் பட்டியலில் ஊரழிக்கும் கெண்டையையும் நூறு வருடம் வாழும் நாட்டு மீனையும் ஒன்றாகத் திணித்ததால் வந்தது.

மின்னசோட்டா மாநிலச் சட்டத்தில் நீண்டகாலம் இருந்த பட்டியலைப் பாருங்கள்: கெண்டை, பஃபலோ, சக்கர், ஷீப்ஸ்ஹெட் என்று அங்கே அழைக்கும் நன்னீர் டிரம், போஃபின், கார் மீன், கோல்ட்ஐ, புல்ஹெட் கெளுத்தி. இதில் வெளியிலிருந்து வந்தது கெண்டை மட்டுமே. அதையும் பெருமளவில் பரப்பியது அரசாங்கம்தான். ஸ்பென்சர் பெயர்ட் தலைமையிலிருந்த அமெரிக்க மீன் ஆணையத்துக்காக, 1877இல் ருடால்ஃப் ஹெஸல் ஜெர்மனியிலிருந்து கெண்டைகளைக் கொண்டுபோய் பால்டிமோரின் ட்ரூயிட் ஹில் பூங்காக் குளங்களில் விட்டார். பட்டியலில் உள்ள மற்ற எல்லாம் அந்த மண்ணின் மீன்கள். தூண்டிலில் சுவையாகச் சண்டை போடும் பாஸ், வால்ஐ, டிரவுட் போன்றவை ‘விளையாட்டு மீன்’ ஆயின. அவற்றுக்கு அளவு, எண்ணிக்கை, பருவம் என்று எல்லாக் காவலும் கிடைத்தது. மிச்சம் கழிசல்.

கழிசலாகப் பார்த்ததன் விலை சிறியதல்ல. 1930களில் டெக்சாஸ் மாநில மீன்துறை, கார் மீன்களை மின்சாரம் பாய்ச்சிக் கொல்வதற்கென்றே ஒரு படகு கட்டியது. 1962 செப்டம்பரில் வயோமிங்-யூட்டா பகுதியின் கிரீன் ஆற்றில், புது நீர்த்தேக்கத்தில் டிரவுட் வளர்க்க வசதியாக, நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு ரோட்டனோன் நஞ்சைக் கலந்தார்கள். அன்று ‘ஒழித்துக்கட்ட வேண்டியவை’ என்று கருதப்பட்ட ஹம்ப்பேக் சப், போனிடெயில், ரேசர்பேக் சக்கர் முதலியவற்றைக் காப்பாற்ற இன்று கூட்டரசு பணம் கொட்டுகிறது. ஹேர்லிப் சக்கர் என்ற மீனை 1893க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. விஞ்ஞானிகள் 1870இல் பெயர் வைத்துவிட்டு மறந்துபோன ரோபஸ்ட் ரெட்ஹார்ஸ், 1991இல் ஜார்ஜியாவின் ஓக்கோனி ஆற்றில் திரும்பக் கிடைத்தது. நூற்றிருபது வருடம் அப்படியொரு பெரிய மீன் காணாமல் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை என்பதுதான் இதில் பார்க்க வேண்டியது.

இப்போதைய சண்டையைக் கிளப்பிவிட்டது பிக்மவுத் பஃபலோ. முப்பது கிலோவையும் தாண்டக்கூடிய, சக்கர் குடும்பத்து மீன். வாய் முன்பக்கம் பார்த்திருக்கும். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். ஆகவே தூண்டில் புழுவைச் சீண்டாது. தூண்டில்காரர்கள் கண்ணில் படாத மீனுக்கு வக்காலத்து வாங்க ஆளில்லை. இது இருபத்தாறு வருடம் வாழும் என்று புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. 2019இல் மீனியலாளர் அலெக் லாக்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு 112 வயது மீனைக் காட்டியது. பிறகு கனடாவின் சஸ்காட்செவனில் 127 வயது மீனும் பதிவானது.

இவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படி? பழைய ஆய்வுகள் செதிலிலும் செவுள்மூடி எலும்பிலும் வளையங்களை எண்ணின. மீன் வளர்வது ஏறக்குறைய நின்றபின் அந்த வளையங்கள் விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, எண்ண முடியாமல் போய்விடும். ஐம்பது வயது மீனும் இருபது வயதாகத்தான் தெரியும். மண்டைக்குள் இருக்கும் செவிக்கல் அப்படியல்ல. மீன் உயிரோடிருக்கும்வரை வருடத்துக்கு ஒரு படலம் சேரும். அதைப் பிசினில் பதித்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாக அறுத்து, நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். எண்ணியது சரிதானா என்று பார்க்க ஒரு தனிச்சோதனையும் உண்டு. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் உலகம் முழுக்கக் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு ஏறியது. செவிக்கல்லின் மையத்தில் அந்த ஏற்றம் இல்லையென்றால் அந்த மீன் அதற்கு முன்பே பிறந்தது. இதை மறுப்பது கடினம். வில்காரர்கள் தரப்பிலும் வயதைப் பற்றி இப்போது யாரும் பெரிதாக வாதாடுவதில்லை.

வயதைவிடக் கவலை தருவது குஞ்சுகள் இல்லாததுதான். 2019 ஆய்வில் வந்த சில மின்னசோட்டா ஏரிகளில் எண்பதைத் தாண்டிய மீன்கள் 85 முதல் 90 விழுக்காடு. ஏறத்தாழ 1930களில், அதாவது அணைகள் எழும்பிய காலத்தோடு, அங்கே புதுத் தலைமுறை வருவது நின்றுவிட்டது. அதே மாநிலத்தின் ரைஸ் லேக் தேசிய வனவிலங்குப் புகலிடத்தைப் பற்றி 2024இல் வந்த ஆய்வு இன்னும் விசித்திரமானது. அங்கே மீன்கள் வருடந்தோறும் மேலேறி வந்து முட்டையிடுகின்றன, குஞ்சும் பொரிக்கிறது. ஆனால் 1950களின் பிற்பகுதிக்குப் பிறகு ஒரு தலைமுறைகூடப் பெரிதாகித் தாய்க்கூட்டத்தில் சேரவில்லை. ஏரியில் மீன் நிறைய இருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும். அத்தனையும் கிழங்கள்.

இது நோயோ சாபமோ அல்ல, அந்த மீனின் பிழைப்பு முறை. வெள்ளம் சரியாக வந்து, சரியான நாள்வரை வயல்வெளியில் நின்று, குஞ்சைத் தின்னும் மீன்கள் குறைந்திருக்கும் அபூர்வமான வருடத்தில்தான் அதன் பிள்ளைகள் தப்பும். அந்த வருடம் வரும்வரை முதிர்ந்த மீன்கள் காத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் அவ்வளவு ஆயுள். 2021இல் வந்த இன்னொரு ஆய்வு, இந்த மீன்கள் வயதாக ஆக உடல் தளர்வதற்கான அறிகுறிகளைக் காட்டவில்லை என்றும், மூத்தவற்றுக்கு நோயெதிர்ப்பு இளையவற்றைவிட மேலாகவே இருந்தது என்றும் சொன்னது. ஆகவே ‘கிழட்டு மீன்தானே, எப்படியும் சாகப்போவதுதான்’ என்ற வாதம் இங்கே நிற்காது. அதை அடிப்பது விதைநெல்லைக் குத்திப் பொங்கித் தின்பதுபோல.

கணக்காகவே பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். ஒரு ஏரியில் 1,000 முதிர்ந்த பஃபலோ, புதுக்குஞ்சு வளர்ந்து கூட்டத்தில் ஏறுவதில்லை, இயற்கையாக வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு சாகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது வருடத்தில் சுமார் 670 மிஞ்சும். நல்ல வெள்ளம் ஒன்று வந்தால் கூட்டம் மீண்டுவிடும். இதோடு அம்பால் நூற்றுக்கு ஐந்து போனால், அதே இருபது வருடத்தில் மிஞ்சுவது சுமார் 230. நூற்றுக்கு ஐந்து என்பது முதல் வருடத்தில் 50 மீன்தான். நல்ல விளக்கு கட்டிய இரண்டு மூன்று படகுகள் ஒரே இராத்திரியில் அதைச் செய்துவிடும்.

இங்கே வில்லின் கருவிமுறையைப் புரிந்துகொள்ள வேண்டும். அதைத் தெரியாமல் பேசுகிறவர்கள் இரு பக்கமும் உண்டு.

மீன் வில்லின் இழுவிசை பொதுவாக 30 முதல் 50 பவுண்டு. அம்பு கண்ணாடியிழையால் ஆன கெட்டித் தண்டு; சுமார் 32 அங்குல நீளம்; பின்னால் இறகு கிடையாது, ஏனென்றால் தண்ணீருக்குள் இறகு அம்பைத் திசைதிருப்பும். முனையில் மடங்கும் எதிர்முட்கள். அம்போடு 200 பவுண்டு தாங்கும் பின்னல் கயிறு; அது வில்லில் பூட்டிய புட்டிக்குள்ளோ பொத்தான் அழுத்தும் ரீலிலோ சுருண்டிருக்கும். கயிற்றை அம்பின் பின்முனையில் நேராகக் கட்டக் கூடாது. தண்டில் ஓடும் வளையத்தில் கட்ட வேண்டும். அப்போது கயிறு எப்போதும் நாணுக்கு முன்னாலேயே நிற்கும். பின்னால் கட்டி, அது நாணில் சிக்கினால், விட்ட அம்பு அதே வேகத்தில் எய்தவன் முகத்துக்கே திரும்பும். ரீல் பொத்தானை அழுத்த மறந்து எய்தாலும் இதே கதி. இந்த விளையாட்டில் நடக்கும் மோசமான காயங்களில் பல இப்படி வருபவை.

குறி பார்ப்பதற்கு ஒளிவிலகலைக் கணக்கில் எடுக்க வேண்டும். மீன் இருக்கும் இடத்தைவிட மேலே தெரியும். அதற்கு வழக்கத்தில் உள்ள விதி: பத்தடி தூரத்தில் ஓரடி ஆழத்தில் மீன் நின்றால் நாலு அங்குலம் கீழே குறி வை, தூரமோ ஆழமோ இரட்டித்தால் அந்த நாலும் இரட்டிக்கும். புதிதாக வருகிறவர்கள் தவறவிடுவது எல்லாம் மீனுக்கு மேலேதான்.

அம்பு தண்ணீரில் சில அடி போவதற்குள் வேகம் செத்துவிடும். ஆகவே மூன்று நாலடி ஆழத்துக்குள் நிற்கும் மீனைத்தான் அடிக்க முடியும். பஃபலோவும் கார் மீனும் போஃபினும் எப்போது அவ்வளவு ஆழமற்ற நீருக்கு வரும்? வசந்தத்தில், முட்டையிட. புல் மூழ்கிய ஓரங்களில் முதுகு வெளியே தெரியக் கூட்டமாகப் புரளும்போதுதான் வில்லுக்கு வசதி. அதாவது இந்த முறை தானாகவே சினை மீனைத் தேர்ந்தெடுக்கிறது. போஃபினில் இன்னும் சங்கடம்: ஆண் மீன் கூட்டைக் காவல் காத்து, பொரித்த குஞ்சுகளையும் சில வாரம் மேய்க்கும். அந்த ஆணை அடித்தால் கூட்டம் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரை.

அடுத்தது, விடுவிக்க முடியாது என்பது. தூண்டிலில் தவறான மீன் வந்தால் முள்ளைக் கழற்றி விடலாம். வலையில் வந்தால் எடுத்துப் போடலாம். அம்பு உடலைத் துளைத்து, எதிர்முள் மறுபக்கம் விரிந்து நிற்கும். முனையைச் சில சுற்றுத் திருகித் தளர்த்தி, முள்ளை மடக்கி உருவினாலும் செவுளோ காற்றுப்பையோ சிறுநீரகமோ கிழிந்திருக்கும். ஓக்லஹோமாவில் அம்பு பட்ட மீன்களைச் சில நாள் வைத்துக் கண்காணித்த ஆய்வு 2023இல் வந்தது. மிகப் பெரும்பாலானவை செத்தன. ‘அடித்துவிட்டு நீரில் விட்டோம், நீந்திப் போய்விட்டது’ என்பதைக் கணக்கில் சாவு என்றே எழுத வேண்டும்.

இதனால் ஒரு விஷயம் தொடர்கிறது. சட்டம் எழுதுகிறவர்கள் அடிக்கடி தவறவிடுவது இதைத்தான். மீன்வளக் காவலில் வழக்கமான ஆயுதம் நீள வரம்பு: இத்தனை அங்குலத்துக்குக் கீழே இருந்தால், அல்லது மேலே இருந்தால், விடு. வில்லில் அது சரிப்படாது. அளந்து பார்ப்பதற்கு முன்பே மீன் செத்துவிட்டது. அதுவும் இராத்திரியில், நீர் பெரிதாக்கிக் காட்டும் உருவத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். வில்லுக்குப் பொருந்துவது எண்ணிக்கை வரம்பும், மூடிய பருவமும், மூடிய இடமும்தான்.

இராத்திரி என்றேன். பழைய காலத்தில் பகலில் கரையோரம் நடந்து நாலு மீன் அடித்தவர்களைப் பற்றிய சண்டை அல்ல இது. தட்டையான படகு, முன்னால் உயர்ந்த மேடை, சுற்றிலும் எல்.இ.டி. விளக்கு வரிசை, ஆழமற்ற நீரில் ஓட விசிறி மோட்டார்: இந்தக் கூட்டணி வந்தபிறகு ஒரு படகின் திறன் எங்கோ போய்விட்டது. மின்னசோட்டாவில் இரவு அடிக்க மாநிலம் தழுவிய அனுமதி 2010ஐ ஒட்டித்தான் வந்தது. அந்த விதிகள் சுவாரசியமானவை: படகிலிருந்து 50 அடி தொலைவில் சத்தம் 65 டெசிபலைத் தாண்டக் கூடாது, ஆள் இருக்கும் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள்ளும் முகாமிலிருந்து 300 அடிக்குள்ளும் அம்பு விடக் கூடாது, அடித்த மீனை நீரில் திரும்பப் போடவோ கரையில் வீசவோ கூடாது. கரைவாசிகளின் தூக்கத்துக்கு டெசிபல் கணக்கில் காவல் இருந்தது. பஃபலோவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை என்ற வரியே அப்போது இருக்கவில்லை.

போட்டிகளும் கவனிக்க வேண்டியவை. இரண்டு வடிவங்கள் உண்டு: அதிக எண்ணிக்கை அடித்தவருக்குப் பரிசு, அல்லது மிகப் பெரிய இருபது மீன்களின் மொத்த எடைக்குப் பரிசு. முதலாவது கூட்டத்தை வாரிக்கொண்டு போகும். இரண்டாவதில் மீன் குறைவு என்பதால் அதை நல்லதென்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பஃபலோவிலும் அலிகேட்டர் கார் மீனிலும் மிகப் பெரியவை பெண்கள், அதிலும் முதியவை.

சரி, கெண்டையை ஒழிக்கும் சேவை என்ற வாதம்? கெண்டையை அடிப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் வில்லால் ஏரியைச் சுத்தம் செய்கிறோம் என்பது எண்ணில் நிற்காது. இல்லினாய் ஏரிகளில் செய்த ஆய்வின்படி, ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 100 கிலோ கெண்டை இருந்தால் நீர்ச்செடிகள் அழியத் தொடங்கும். 100 ஹெக்டேர் ஏரியில் ஹெக்டேருக்கு 300 கிலோ இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த எல்லைக்கு இறக்க 20,000 கிலோவை வெளியே எடுக்க வேண்டும். மீனுக்கு நாலு கிலோ என்றால் 5,000 மீன். படகுக்கு இரவில் 40 அடித்தாலும் 125 படகு-இரவுகள், அதுவும் ஒரே பருவத்தில். ஒரு பெரிய பெண் கெண்டை இலட்சக்கணக்கில் முட்டையிடும்; மெதுவாக எடுத்தால் எடுத்த இடம் நிரம்பிவிடும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் சோரன்சன், பாயர் ஆகியோர் காட்டிய வழி வேறு: சில கெண்டைகளுக்கு ரேடியோக் குறிகருவி பொருத்தி விட்டுவிடுவது, குளிர்காலத்தில் அவை மற்றவற்றோடு பனிக்கட்டிக்கு அடியில் ஒரே இடத்தில் கூடும்போது அந்த இடத்தைக் கண்டு, பனியில் துளையிட்டு வலையை ஓட்டி மொத்தமாக வாருவது. பிறகு குஞ்சு ஏறாமல் பார்த்துக்கொள்ள, கெண்டை முட்டையைத் தின்னும் புளூகில் மீன்கள் ஏரியில் சாகாமல் காப்பது. வேலை செய்வது இதுதான்.

இல்லினாய் ஆற்றில் எகிறிக் குதிக்கும் வெள்ளிக் கெண்டையை அடிக்கிறவர்கள் தாராளமாக அடிக்கட்டும். ஆனால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: வெள்ளிக் கெண்டையும் பெருந்தலைக் கெண்டையும் பிடுங்கித் தின்பது பிக்மவுத் பஃபலோவின் இரையைத்தான். அந்நிய மீனை எதிர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அதோடு இரைக்குப் போட்டி போடும் நாட்டு மீனையும் சேர்த்துக் கொல்வது என்ன தர்க்கம் என்று எனக்குப் புரியவில்லை.

இந்த மீன்களை நம்பி வேறு உயிர்களும் இருக்கின்றன. பெரும்பாலான நன்னீர் மட்டிகளின் லார்வாக்கள் தமக்குப் பொருந்தும் ஒரு மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டால்தான் மட்டியாக வளர முடியும். பல மட்டி இனங்களுக்கு நன்னீர் டிரம்தான் அந்த மீன்; மஞ்சள் சாண்ட்ஷெல் என்ற மட்டிக்குக் கார் மீன்கள். உலகிலேயே மிக அதிகமான நன்னீர் மட்டி இனங்கள் வட அமெரிக்காவில்தான். மிக வேகமாக அழிந்துகொண்டிருக்கும் உயிர்க்கூட்டங்களில் அவையும் ஒன்று.

வில்காரர்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பாதிதான். முதலாவது, குஞ்சு ஏறாமல் போனதற்கு அம்பு காரணமில்லை. அணை, கால்வாய், வெள்ளச் சமவெளியைக் கரை கட்டி உழுதது, இவைதான். உண்மை. ஆனால் குஞ்சு ஏறாத காலத்தில் இருப்பதை வைத்துக் காலந்தள்ள வேண்டிய கூட்டத்தில் கைவைக்காதே என்பதற்கு அதுவே காரணமும்கூட. இரண்டாவது, வணிக வலைக்காரர்கள் பஃபலோவை டன் கணக்கில் எடுக்கிறார்கள், அவர்களை யாரும் கேட்பதில்லை என்பது. இதுவும் உண்மை, அவர்களுக்கும் ஏரிவாரியாக வரம்பு வேண்டும். ஆனால் வலைக்காரருக்கு உரிமமும் பிடிப்புக் கணக்கும் உண்டு, மீன் சந்தைக்குப் போகிறது. பொழுதுபோக்கு அம்பின் கணக்கைப் பெரும்பாலான மாநிலங்கள் ஒழுங்காகத் திரட்டியதில்லை. அடித்ததில் நிறைய உரக்குழிக்கும் குப்பைக்கும்தான் போகிறது. மூன்றாவது, எங்கள் உரிமப் பணத்தில்தான் பாதுகாப்பு நடக்கிறது என்பது. பாதி சரி. தூண்டில் கருவிகள்மீதான 10 விழுக்காட்டுக் கூட்டரசு வரி, 1950ஆம் ஆண்டின் டிங்கெல்-ஜான்சன் சட்டப்படி மீன்வளத்துக்குப் போகிறது. வில்மீதான 11 விழுக்காடு பிட்மன்-ராபர்ட்சன் நிதிக்கு, அதாவது காட்டுவிலங்குத் திட்டங்களுக்குப் போகிறது. மீனை அடிக்க வாங்கிய வில்லின் வரி மீனுக்குத் திரும்புவதில்லை.

மாற்றம் சாத்தியமா என்றால், மூன்று இடங்களைக் காட்டலாம். டெக்சாஸ், ஒருகாலத்தில் மின்சாரப் படகு விட்ட அதே மாநிலம், 2009இல் அலிகேட்டர் கார் மீனுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று என்று வரம்பு போட்டது. 2019இல் டிரினிட்டி ஆற்றின் டாலஸ் முதல் கடலோரச் சேம்பர்ஸ் மாவட்டம் வரையான பகுதியில் 48 அங்குலத்துக்கு மேற்பட்டதைக் குலுக்கல் அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது என்றும், அதே பகுதியில் இரவில் அம்பு விடக் கூடாது என்றும் ஆனது. ஃபால்கன் நீர்த்தேக்கம் தவிர மற்ற இடங்களில் பிடித்த 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வில்காரர்கள் அழிந்துபோகவில்லை, பெரிய கார் மீனைப் பிடித்து விடுவதற்கென்றே வெளியூர்க்காரர்கள் வழிகாட்டிக்குப் பணம் கொடுத்து வருகிறார்கள்.

மேரிலாந்தில் கதை கடலோரம். செசபீக் விரிகுடாவில் கௌநோஸ் திருக்கைகளை அம்பால் அடிக்கும் போட்டிகள் நடந்தன. சுறா குறைந்ததால் திருக்கை பெருகிச் சிப்பிகளைத் தின்றுவிட்டது என்று 2007இல் வந்த ஒரு பிரபலமான ஆய்வு அதற்குச் சாக்கு. 2016இல் வேறொரு குழு அந்தத் தரவைத் திரும்பப் பார்த்து, அந்தச் சங்கிலி நிற்காது என்று காட்டியது. ஏழெட்டு வயதில்தான் பருவமடைந்து, வருடத்துக்கு ஒரே குட்டி போடும் திருக்கை திடீரென்று பெருகவே முடியாது. 2017இல் அந்தப் போட்டிகளை மாநிலம் நிறுத்தி வைத்தது.

மூன்றாவது மின்னசோட்டாவே. 2024இல் சட்டத்தைத் திருத்தி, நாட்டு ரஃப் ஃபிஷ் என்று தனி வகை உண்டாக்கி, அதைக் கெண்டையிலிருந்து பிரித்தது. பெயரில் இன்னும் ‘ரஃப்’ ஒட்டிக்கொண்டிருந்தாலும், இனவாரியாக வரம்பு எழுத அப்போதுதான் இடம் கிடைத்தது.

இடம் பார்த்துத்தான் எதையும் சொல்ல முடியும் என்பதற்கு நம் பக்கத்து உதாரணம்: மிசிசிப்பி வடிநிலத்தில் பொக்கிஷமான அதே அலிகேட்டர் கார், தொட்டி மீன் வியாபாரத்தில் இந்தியா வந்து, 2023இல் காஷ்மீரின் தால் ஏரியில் அகப்பட்டது. அங்கே அதை அடிப்பது புண்ணியம். பஃபலோவும் அரிசோனாவுக்கு வெளி மீன்தான். 1918இல் அயோவாவின் ஃபேர்போர்ட்டிலிருந்து ரூஸ்வெல்ட் ஏரிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே கீழேயுள்ள அப்பாச்சி ஏரியில் அந்தக் காலத்து மீன்களே இன்னும் உயிரோடிருப்பதை 2023 ஆய்வு காட்டியது.

நான் விதி எழுதினால் இப்படி எழுதுவேன். கெண்டை இனங்களுக்கு வரம்பில்லை. நாட்டு இனங்களுக்கு ஆளுக்கு நாளுக்கு ஒன்றோ இரண்டோ. வயது ஆய்வில் குஞ்சு ஏறவில்லை என்று தெரிந்த ஏரிகளில் பூஜ்யம். ஏப்ரல் தொடங்கி ஜூன் நடுவரை, முட்டையிடும் ஓரங்களில் நாட்டு மீனுக்கு அம்பு கூடாது. அடித்து விடுவது குற்றம். அடித்தது எதுவானாலும் வரம்பில் சேரும். தவறாக அடையாளம் கண்டதும் சேரும். இந்தக் கடைசி வரி இருந்தால் மீன் தெரியாமல் அம்பு விடும் பழக்கம் தானாகக் குறையும்.

அடையாளம் காண்பது அப்படியொன்றும் கடினமில்லை. கெண்டைக்கு வாயோரம் இரண்டு ஜோடி மீசை. முதுகுத் துடுப்பின் முன்னால் இரம்பப் பல் போன்ற முள். செதில் ஓரம் கறுத்து வலை போட்டதுபோலத் தெரியும். பஃபலோவுக்கு மீசையும் கிடையாது, முள்ளும் கிடையாது. விளக்கடியில் மேலிருந்து பார்க்கும்போது மீசை தெரியாது. நிறத்தைப் பாருங்கள்: கெண்டை பொன்மஞ்சள், வால் அடிப்பக்கம் செம்மை. பஃபலோ சாம்பல் நீலம். இரண்டுக்கும் முதுகுத் துடுப்பு நீளமானது, அதை நம்பக் கூடாது. புல் கெண்டைக்குத் துடுப்பு குட்டையாக இருக்கும். கலங்கல் நீரில் நிறம் தெரியவில்லையென்றால் நாணை இறக்கிவிட வேண்டியதுதான்.

போட்டி நடத்துகிறவர்கள் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எடைமேடையில் இனவாரியாக எண்ணி எழுதலாம். நாட்டு மீனின் தலைகளை வெட்டி, ஒவ்வொன்றையும் தனிப் பையில், பிடித்த நாள், ஏரி, நீளம், ஆணா பெண்ணா என்ற சீட்டோடு உறைய வைத்து மாநில மீன்துறைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கொடுக்கலாம். செவிக்கல்லை எடுக்கத் தெரிந்தவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சக்கர் குடும்பத்தில் வயது பார்க்க உதவும் லபில்லஸ் என்ற கல் மிகச் சிறியது, பழகாத கை உடைத்துவிடும். தலையை ஃபார்மலினில் மட்டும் போட்டுவைக்காதீர்கள். அதிலுள்ள அமிலம் கல்லைக் கரைத்துவிடும்.